அலங்கார மரங்களின் திசு வளர்ப்பு: ஊடக உப்புகள் பற்றிக் கேள்வி பதில்

கே: சார், வாழைக்குப் போடுற எம்.எஸ். ஊடகத்திலேயே மேக்னோலியாவும் லைலாக்கும் வெச்சோம். இலையெல்லாம் கண்ணாடி மாதிரி ஊதி, தொட்டா நொறுங்குது. ஏன்?

ப: அது நீர் கோத்த தளிர். முதலில் அம்மோனியத்தைச் சந்தேகியுங்கள். எம்.எஸ். என்பது 1962-இல் முராஷிகேயும் ஸ்கூகும் புகையிலைத் திசுவுக்கு அமைத்த ஊடகம், அதாவது ஜாடிக்குள் திசு வளரும் ஊட்டக் கலவை. லிட்டருக்கு அம்மோனியம் நைட்ரேட் 1650 மி.கி. அதே விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் லாய்டும் மெக்கவுனும் 1980-இல் கால்மியா புதருக்காக டபிள்யூ.பி.எம். (கட்டைச் செடிக்கான ஊடகம்) அமைத்தபோது அதை 400 மி.கி. ஆக்கினார்கள். மொத்த நைட்ரஜன் 60 மில்லிமோலிலிருந்து 15-க்கு இறங்கியது. கட்டைச் செடிக்கு இதிலிருந்தே தொடங்குங்கள். தளிர் கிளப்பும் ஹார்மோனான பி.ஏ.பி.-யைப் பாதியாக்கி, ஊடகத்தை இறுக்கும் அகாரை லிட்டருக்கு 6 கிராமிலிருந்து 7.5-க்கு ஏற்றிப் பாருங்கள்.

கே: ஐயா, டபிள்யூ.பி.எம்.-க்கு மாறியாச்சு. மூணாவது வாரம் மேப்பிள் நுனி மட்டும் கருகுது. பூஞ்சை ஒண்ணும் இல்ல.

ப: கால்சியம் நுனிக்குப் போய்ச் சேரவில்லை. கால்சியம் நீரோடுதான் மேலே ஏறும். ஒரு இலையில் தங்கிவிட்டால் அங்கிருந்து நுனிக்குத் திரும்பாது. மூடிய ஜாடிக்குள் ஈரம் நிறைந்திருப்பதால் இலை நீரை வெளியிடாது, ஏற்றமும் நின்றுவிடும். இளம் இலையின் விளிம்பு முதலில் பழுப்பாகும், அடுத்து நுனி மொட்டு கறுக்கும், பிறகு கீழ்க்கணுவில் பக்கத்தளிர் கிளம்பும். இந்த வரிசையில் வந்தால் கால்சியம்தான்.

உடனே கால்சியம் குளோரைடைக் கூட்டாதீர்கள். குளோரைடு ஏறினால் வேறு தொல்லை வரும். கால்சியம் குளுக்கோனேட் லிட்டருக்கு 1.35 கிராம் சேர்த்தால், டபிள்யூ.பி.எம்.-இல் இருக்கும் 3 மில்லிமோல் கால்சியம் 6 ஆகும். வால்நட்டுக்கு அமைத்த டி.கே.டபிள்யூ. ஊடகத்தில் 9 மில்லிமோலுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் உப்பு மட்டும் போதாது. காற்று வடிகட்டி வைத்த மூடி போடுங்கள், 6 வாரம் காத்திராமல் 4 வாரத்தில் மாற்றி நடுங்கள். அந்த மூடியால் ஊடகம் சீக்கிரம் காயும் என்பதால் கொஞ்சம் கூடுதலாக ஊற்றவேண்டும். அகாருக்குப் பதில் ஜெல்ரைட் போடுபவர்கள் கவனிக்கவும்: கால்சியம் கூடினால் அது இன்னும் இறுகும்.

கே: உப்புகளை அடர்த்தியா கரைச்சு வெச்ச ஸ்டாக் பாட்டிலின் அடியில் வெள்ளையா படியுது. அப்படியே கலக்கிப் பயன்படுத்தலாமா?

ப: கூடாது, கொட்டிவிடுங்கள். கால்சியம் நைட்ரேட்டும் பொட்டாசியம் சல்பேட்டும் அடர்த்தியாக ஒரே பாட்டிலில் சேர்ந்தால் ஜிப்சம் (கால்சியம் சல்பேட்) படியும். பாட்டிலைச் சாய்த்து வெளிச்சத்தில் பாருங்கள், சுண்ணாம்பு தூவியது போல் மெல்ல நகரும். அந்த அளவு கால்சியம் செடிக்குப் போகாது. கால்சியத்துக்குத் தனிப் பாட்டில் வையுங்கள். பொட்டாசியம் சல்பேட் மட்டும் தனியாக இருந்தும் படிந்தால் காரணம் அடர்த்தி. 100 மடங்கு ஸ்டாக்கில் லிட்டருக்கு 99 கிராம் வருகிறது, ஃபிரிட்ஜில் அவ்வளவு கரைந்து நிற்காது. 20 மடங்கில் தயாரியுங்கள்.

கே: நரம்பு பச்சை, இடையில் மஞ்சள். இளம் இலையில்தான்.

ப: இரும்புக் குறைவு. ஊடகத்தில் இரும்பு ஈ.டி.டி.ஏ. என்ற பொருளோடு பிணைந்திருக்கும், அது வெளிச்சத்தில் சிதையும், அதனால் ஸ்டாக்கை அம்பர் பாட்டிலில் வையுங்கள். அப்படியும் மஞ்சள் போகாவிட்டால், அதற்குப் பதில் 6% இரும்புள்ள ஈ.டி.டி.ஹெச்.ஏ. (இரும்பைப் பிணைக்கும் இன்னொரு பொருள்) பொடியை லிட்டருக்கு 93 மி.கி. போட்டால் அதே அளவு இரும்பு கிடைக்கும். ஊடகம் சிவப்பாகத் தெரியும், பயப்படவேண்டாம்.