எந்தப் பீர் மண்டபம்? – வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜூன் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு மியூனிக் போகிறோம். ஹிட்லர் கூரையை நோக்கிச் சுட்டது ஹோஃப்பிராய்ஹவுஸ் பீர் மண்டபத்தில்தானே?
– ஈசூன் வாசகி

பதில்: இல்லை, பலருக்கும் உள்ள குழப்பம் இது. ஹோஃப்பிராய்ஹவுஸ் 1589இல் பவேரிய அரச குடும்பம் தொடங்கிய வடிசாலை. 1920 பிப்ரவரி 24 அன்று அதன் மாடி மண்டபத்தில் ஹிட்லர் தம் கட்சியின் 25 அம்சத் திட்டத்தை அறிவித்தார். துப்பாக்கி வெடித்ததோ ஹிட்லர் ஆட்சியைக் கைப்பற்ற முயன்ற 1923 நவம்பர் 8 இரவு, ஈசர் ஆற்றின் மறுகரையிலிருந்த பியூர்கர்பிராய்கெல்லரில்.

மேடையில் பேசிக்கொண்டிருந்த பவேரிய ஆட்சிப் பொறுப்பாளர் கார், ராணுவத் தளபதி, காவல்துறைத் தலைவர் மூவரையும் பக்கத்து அறைக்குள் தள்ளி ஆதரவு கேட்டார் ஹிட்லர். பிறகு ஒரு படைமுகாமில் சிக்கல் என்று வெளியே போனார். அப்போதுதான் காரியம் கெட்டது. 'வாக்குக் கொடுத்துவிட்டார்களே' என்று ஹிட்லரோடு சேர்ந்திருந்த ஜெனரல் லூடன்டோர்ஃப் மூவரையும் போகவிட, அவர்கள் போன கையோடு எதிர்ப்படை திரட்டினார்கள். மறுநாள் ஹிட்லர் ஆட்களின் ஊர்வலம் ஓடியோன்ஸ்பிளாட்ஸ் சதுக்கம் அருகே துப்பாக்கிச் சூட்டில் சிதறியது. காவலர்களிலேயே 4 பேர் மாண்டனர்.

அந்த மண்டபம் 1979இல் இடிக்கப்பட்டுவிட்டது. இடத்தைப் பார்க்க வேண்டுமென்றால் மரியன்பிளாட்ஸில் எஸ்-பான் ரயிலேறி இரண்டாவது நிலையமான ரோசன்ஹைமர் பிளாட்ஸில் இறங்குங்கள். நடைபாதையில் பதித்த ஒரு பலகை இருக்கிறது. குனிந்து தேடாவிட்டால் தாண்டிப் போய்விடுவீர்கள்.

கேள்வி: அந்தப் பலகை யாருக்காக?
– ஜூரோங் வாசகர்

பதில்: கியோர்க் எல்சர் என்ற தச்சருக்காக. ஆண்டுதோறும் நவம்பர் 8 அன்று ஹிட்லர் அங்கே பேசுவார். எல்சர் 1939இல் கடை மூடும்வரை மண்டபத்துக்குள் ஒளிந்திருந்து, முப்பதுக்கும் மேற்பட்ட இரவுகள் குண்டு வைக்க மேடைக்குப் பின்னிருந்த தூணைக் குடைந்தார். மரப்பலகையில் ரகசியக் கதவு, கடிகாரச் சத்தம் கேட்காதிருக்க உள்ளே தக்கை. குண்டு குறித்தபடியே இரவு 9.20க்கு வெடித்தது, 8 பேர் இறந்தனர். ஆனால் மூடுபனியால் விமானத்தை நம்பாமல் ரயிலைப் பிடிக்க வேண்டியிருந்ததால், ஹிட்லர் பேச்சைச் சுருக்கி 9.07க்கே கிளம்பியிருந்தார். தச்சர் வேலையில் பிசகே இல்லை. எல்சர் 1945 ஏப்ரல் 9 அன்று டாஹாவ் முகாமில் கொல்லப்பட்டார்.

கேள்வி: நாங்கள் சைவம். பீர் தோட்டத்துக்குள் சொந்தச் சாப்பாடு கொண்டுபோகலாமா?
– தெம்பனிஸ் வாசகி

பதில்: தாராளமாக. அன்று வெயில் காலத்தில் பீர் வடிக்கத் தடை இருந்ததால், முன்கூட்டியே வடித்து நிலவறையில் வைப்பார்கள். மேலே நிழலுக்குக் கஷ்கொட்டை மரங்கள். அங்கேயே விற்கத் தொடங்கியதும் நகரத்து விடுதிக்காரர்கள் முறையிட, 1812இல் அரசர் 'பீரும் ரொட்டியும் விற்கலாம், வேறு உணவு கூடாது' என்றார். மக்கள் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்தார்கள்; அந்த வழக்கம் இன்றும் நிற்கிறது. புளியோதரை நன்றாகத் தாங்கும். பானத்தை மட்டும் அங்கேயே வாங்க வேண்டும், பழச்சாறும் கிடைக்கும். ஒரு 'மாஸ்' என்றால் 1 லிட்டர், நம்மூர் 330 மில்லி கேன் மூன்று. துணி விரித்த மேசையில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரிக்காதீர்கள். அது பரிமாறும் பகுதி.