உடையும் உரிமையும்: இராமநாதபுரக் கடற்கரை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

முற்காலச் சமூகங்களில் ஒருவர் உடுத்த துணி அவருடைய பண்பாட்டையும் தகுதியையும் எவ்வாறு காட்டியது என்று தொண்டி முதல் சாயல்குடி வரையிலான ஊர்களிலிருந்து பலர் கேட்டிருந்தீர்கள். ஒரே பொருள் குறித்து வந்தவற்றை ஒன்றாகச் சேர்த்து, என்னால் உறுதியாகச் சொல்லக்கூடிய அளவுக்குப் பதில் எழுதுகிறேன்.

மண்டபத்திலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஐயா, பாண்டிய நாட்டு அரசன் இடுப்பில் ஒரு துணி மட்டுமே கட்டியிருந்தான் என்று மார்க்கோ போலோ எழுதியதாகப் படித்தேன். அப்படியானால் அரசனையும் முத்துக் குளிப்பவரையும் எதைக் கொண்டு வேறுபடுத்தினார்கள்?

நீங்கள் படித்தது சரிதான். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரையோரம் வந்த அவர், மாபார் என்று தாம் அழைத்த இந்நாட்டில் துணியை வெட்டித் தைக்கத் தையற்காரரே இல்லை என்றும், மற்றவர்களைப் போலவே அரசனும் இடுப்பில் ஒரு துணியோடுதான் இருக்கிறான் என்றும் வியந்து எழுதினார். ஆனால் அதே பத்தியில் அவர் அடுத்துச் சொல்வதைத்தான் கவனமாகப் படிக்க வேண்டும். அரசனுடைய கழுத்தில் மாணிக்கமும் நீலமும் மரகதமும் பதித்த அணி இருந்தது. வழிபாட்டின்போது எண்ணுவதற்காகப் பெரிய முத்துகளும் மாணிக்கங்களுமாக 104 மணிகள் கோத்த பட்டு நூல் தொங்கியது. கையிலும் காலிலும் முத்துப் பதித்த பொன்வளைகள் இருந்தன. குறிப்பிட்ட எடைக்கு மேற்பட்ட முத்து நாட்டை விட்டு வெளியே போகக் கூடாது என்ற தடையும் நடைமுறையில் இருந்தது. கடலில் மூச்சடக்கிச் சிப்பியை எடுத்து வந்தவரும் இடுப்புத் துணியோடுதான் இருந்தார். ஆனால் அவர் எடுத்த முத்தில் பத்தில் ஒரு பங்கு அரசனுக்கும், சுறாவை மந்திரத்தால் கட்டுவதாகச் சொன்னவருக்கு இருபதில் ஒரு பங்கும் சேர்ந்தன. மேலுடம்பில் துணி இல்லாமை இவ்வெப்ப நாட்டில் எல்லாருக்கும் பொதுவானது. அவ்வுடம்பின்மீது எதை அணியலாம், எதை அணியக் கூடாது என்பதில்தான் உயர்வு தாழ்வு இருந்தது. பின்வரும் பதில்களிலும் இந்த வேறுபாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஓர் ஆசிரியர்: சங்க இலக்கியத்தில் உடை வேறுபாடு எப்படி வருகிறது?

புறநானூற்று 189ஆம் பாட்டில் நக்கீரனார், உலகை ஒரு குடைக்கீழ் ஆளும் மன்னனுக்கும் இரவும் பகலும் உறங்காது விலங்கு வேட்டையாடும் கல்லாதவனுக்கும் 'உண்பது நாழி உடுப்பவை இரண்டே' என்கிறார். அரையில் ஒன்று, மேலே ஒன்று என்ற எண்ணிக்கை இருவருக்கும் ஒன்றுதான். ஆனால் நெசவின் நயம் ஒன்றன்று. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வறிய கலைஞனாகிய பொருநனுக்குத் தரும் துணி, இழை போன வழியைக் கண் பின்தொடர முடியாத நுண்மையோடு, பாம்பு உரித்த தோலைப் போன்றிருக்கிறது. அதற்கு முன் அவன் உடுத்திருந்ததோ வேற்று நூலால் ஒட்டுப்போட்டுத் தைத்த, வியர்வையில் நனைந்த கந்தல். புரவலன் முதலில் கொடுப்பது உணவா உடையா என்று கேட்டால், மானத்தை முதலில் மூடுவதே கொடையின் ஒழுங்காகப் பாட்டில் அமைந்திருக்கிறது.

நம் நெய்தல் நிலத்துக்கு நெருக்கமான இன்னொன்று தழையாடை. இளம்பெண்கள் ஆம்பல் போன்ற பூவும் இலையும் தொடுத்து உடுத்தினர். புறநானூறு 248இல் ஒக்கூர் மாசாத்தனார் பாடும் கைம்பெண், இளமையில் தனக்குத் தழையாக இருந்த சிறுவெள்ளாம்பல், கணவன் மாய்ந்தபின் வேளை தவறி உண்ணும் புல்லரிசியாகிவிட்டதே என்கிறாள். உடையாக இருந்த செடியே உணவாக இறங்கிவிட்ட அந்த ஒரு மாற்றத்தில் ஒரு பெண்ணின் சமூக நிலை முழுவதும் அடங்கிவிடுகிறது. உடையைப் பற்றி இதைவிடக் கூர்மையான பாட்டை நான் படித்ததில்லை.

இராமேசுவரத்திலிருந்து, சங்கு வணிகக் குடும்பத்தைச் சேர்ந்தவர்: நம் கடற்பொருள்கள் பிற நாட்டார் உடையிலும் தகுதிக் குறியாக இருந்தனவா?

இருந்தன. ரோமாபுரியில் சூலியசு சீசர், கடல் நத்தைச் சாயத்தில் தோய்த்த ஊதா ஆடையையும் முத்தையும் குறிப்பிட்ட நிலையும் வயதும் உடையவர்கள் குறிப்பிட்ட நாள்களில் மட்டுமே அணியலாம் என்று தடை விதித்ததாக அவருடைய வரலாற்றை எழுதிய சூட்டோனியசு குறிக்கிறார். அந்த ஊதாச் சாயம் எவ்வளவு அரிது என்பதை அறிய ஒரு கணக்கு உண்டு: 1909இல் வேதியியலாளர் ஒருவர் 12,000 நத்தைகளிலிருந்து 1.4 கிராம் சாயமே பெற்றார். ரோமர் விரும்பி வாங்கிய முத்துகளில் மன்னார் வளைகுடா முத்தும் சேர்ந்தது.

சங்கின் கதை உங்களுக்கே தெரிந்திருக்கும். நம் கடலில் எடுத்த சங்கு வங்காளத்துக்குப் போய், அங்கே வாளால் அறுக்கப்பட்டு வெள்ளை வளையலாகி, மணமான பெண்ணின் அடையாளமாக இன்றும் கைகளில் இருக்கிறது. எடுத்தவர் வீட்டுப் பெண்களுக்கு மஞ்சள் கயிறும் தாலியும் காட்டுவதை, வாங்கியவர் வீட்டுப் பெண்களுக்குச் சங்கு காட்டுகிறது.

இராமநாதபுரத்திலிருந்து ஒருவர்: அரண்மனை இராமலிங்க விலாசத்து ஓவியங்களை உடைக்காகப் பார்ப்பதென்றால் எதைக் கவனிக்க வேண்டும்?

அவை 18ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்து விசய ரகுநாத சேதுபதி காலத்தில் தீட்டப்பட்டவை. முதலில் தலைகளைப் பாருங்கள். மன்னர், படைவீரர், தொப்பியணிந்த ஐரோப்பியர் என யார் யார் என்பதைத் தலையணியே பெரும்பாலும் சொல்லிவிடும். பிறகு மேலுடம்பைப் பாருங்கள்.

இதற்குப் பின்னணியாக விசயநகர வழக்கு ஒன்றை அறிந்திருப்பது நல்லது. அங்கே அரசவையில் தைத்த நீள அங்கியும் உயர்ந்த குல்லாயும் அணிந்த அரசரும் அதிகாரிகளும், கோயிலில் இறைவன் முன் நிற்கும்போது வெற்று மேலுடம்போடு நின்றார்கள். 1443இல் அங்கு வந்த பாரசீகத் தூதர் அப்துர் ரசாக், இரண்டாம் தேவராயர் பட்டு அங்கியும் முத்துக் கழுத்தணியும் அணிந்திருந்ததைக் கண்டார். தைத்த அங்கி, கடல் கடந்து வந்த தூதரும் வணிகரும் மதித்த உலகத்தின் உடை. தைக்காத துணி, தெய்வத்தின் முன் ஏற்ற உடை. ஒருவரே இரண்டையும் இடம் அறிந்து உடுத்தினார். நம் கோயில்களில் இன்றும் முதல் மரியாதைக்குத் தலையில் கட்டப்படுவது தைக்காத துணியாகிய பரிவட்டம்தான். அதை யாருக்கு முதலில் கட்டுவது என்பதற்காக ஊர்கள் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன.

கீழக்கரையிலிருந்து ஒரு சகோதரி: என் உம்மாவின் உம்மா வெள்ளைத் துப்பட்டி போர்த்தித்தான் வெளியே போவார்கள். இன்று அது மறைந்துவிட்டது. அதற்கும் தகுதிக்கும் தொடர்பு உண்டா?

உண்டு. வெள்ளைத் துணியை அழுக்குப் படாமல் வைத்திருக்க வெளுப்பவர் வேண்டும், வெயிலில் வேலை செய்யத் தேவையில்லாத வாழ்வும் வேண்டும். ஆகவே துப்பட்டி மார்க்க ஒழுக்கத்தோடு குடும்பத்தின் வசதியையும் சேர்த்தே காட்டியது. வளைகுடா நாட்டு வேலைகளுக்குப் பின் கறுப்பு அங்கி பரவியபோது, அது வேறொரு தொலைவுத் தொடர்பைக் காட்டியது. ஆண்களின் கட்டம் போட்ட கைலியும் அப்படியே. பழவேற்காட்டின் பெயரைத் தாங்கிய பாலையக்காட்டுக் கைலி பர்மாவுக்கும் மலாய்த் தீவுகளுக்கும் கப்பலேறிய சரக்கு.

சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒருவர்: என் தாத்தா காலத்தில் எங்கள் ஆட்கள் முழங்காலுக்குக் கீழே வேட்டி இறக்கக் கூடாது, சட்டை போடக் கூடாது என்று இருந்ததாம். இது எங்கேயாவது பதிவாகி இருக்கிறதா, அல்லது வாய்ச்சொல் மட்டும்தானா?

பதிவாகி இருக்கிறது, ஐயா. 1931ஆம் ஆண்டு இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையராக இருந்த ஹட்டன், 1930 டிசம்பரில் அன்றைய இராமநாதபுரம் மாவட்டத்தில் ஆதிக்கச் சாதியினர் ஒடுக்கப்பட்ட மக்கள்மீது விதித்த எட்டுத் தடைகளை எழுதி வைத்திருக்கிறார். பொன்னும் வெள்ளியும் அணியக் கூடாது. ஆண்கள் முழங்காலுக்குக் கீழேயோ இடுப்புக்கு மேலேயோ துணி உடுத்தக் கூடாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் கூடாது. முடி வெட்டிக்கொள்ளக் கூடாது. வீட்டில் மண்பாண்டம் தவிர வேறு பாத்திரம் கூடாது. பெண்கள் துணியாலோ இரவிக்கையாலோ தாவணியாலோ மேலுடம்பை மூடக் கூடாது. பூவும் மஞ்சளும் கூடாது. ஆண்கள் குடையும் செருப்பும் பயன்படுத்தக் கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிக்கப்பட்டன, தானியம் அழிக்கப்பட்டது, கால்நடைகள் கொள்ளையடிக்கப்பட்டன. 1931 சூனில் தடைகள் பதினொன்றாகப் பெருகின.

இப்பட்டியலை மீண்டும் ஒருமுறை படியுங்கள். தடுக்கப்பட்டவை எல்லாம் அதற்குள் சிலருடைய கைக்கு வந்துவிட்ட பொருள்கள். இலங்கைத் தோட்டத்துக்கோ பர்மாவுக்கோ போய் நான்கு காசு சேர்த்துத் திரும்பியவர் சட்டையோடு ஊருக்குள் நடந்து வந்தால், அது பழைய ஒழுங்குக்கு அச்சமாகிவிட்டது. யாரும் வாங்க முடியாத ஒன்றைத் தடை செய்ய வேண்டிய தேவையே எழாது. எனவே உங்கள் தாத்தா சொன்னது அவமானத்தின் கதை மட்டுமன்று. அவருடைய தலைமுறையினர் சட்டை வாங்கிப் போட்டுக்கொள்ளத் தொடங்கியிருந்தார்கள் என்பதற்கான சான்றும்கூட.

தெற்கே திருவிதாங்கூரிலும் இதே போராட்டம் நடந்தது. அங்கே நாடார் பெண்கள் மேலாடைக்காகப் பல பத்தாண்டுகள் அடிபட்டனர். 1859இல் வந்த அரசாணை கூட, இரவிக்கை அணியலாம், மீனவராகிய முக்குவப் பெண்களைப் போல முரட்டுத் துணியைச் சுற்றிக்கொள்ளலாம், ஆனால் மேல்சாதிப் பெண்களைப் போல உடுத்தக் கூடாது என்றே சொன்னது. கடற்கரைப் பெண்ணின் உடையை மற்றொருவருக்கு அளவுகோலாகக் காட்டிய ஆணை அது.

அதே பகுதியிலிருந்து மற்றொருவர்: வெயில் நாட்டில் எல்லாருமே சட்டையில்லாமல்தானே இருந்தார்கள்? இதை ஏன் பெரிதாக்க வேண்டும்?

பாண்டிய மன்னன் விரும்பினால் போர்த்திக்கொள்ளலாம். சாயல்குடி உழவர் விரும்பினால் குடிசை எரிந்தது. தோளில் கிடந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு யார் யார்முன் நின்றார்கள் என்று கேட்டுப் பாருங்கள். வெயில் இருவருக்கும் ஒன்றாகத்தான் அடித்தது.

பரமக்குடியிலிருந்து ஒரு நெசவாளர்: நெய்தவர்களின் தகுதியைப் பற்றியும் சொல்லுங்கள்.

நெய்தவர் தாம் நெய்ததை உடுத்த முடிந்ததா என்பது ஒரு கேள்வி. அவருடைய மார்பில் நூல் இருக்கலாமா என்பது இன்னொன்று. மதுரைச் சௌராட்டிர நெசவாளர்கள் ஆவணியவிட்டச் சடங்கு செய்ததற்காகப் பதினெட்டுப் பேர் பிடிக்கப்பட்டு, வழக்கு இராணி மங்கம்மாள் அவைக்குப் போய், 1705இல் அவர்களுக்கு அவ்வுரிமை உண்டென்று ஓலை தரப்பட்டது.

சாயத்திலும் ஒரு செய்தி உண்டு. கடற்கரை மணலில் வளரும் சாயவேரைத் தோண்டி விற்றுப் பிழைத்த குடும்பங்கள் இருந்தன. தலைப்பாகைக்கும் சேலைக்கும் நின்று பிடிக்கும் சிவப்பை அவ்வேர் தந்தது. 1868இல் செருமானியர் அதன் நிறப்பொருளைச் செயற்கையாக ஆக்கியபின், சில ஆண்டுகளிலேயே மலிவான சிவப்பு சந்தையை நிறைத்தது. எளியவர் வீட்டிலும் சிவப்புச் சேலை வந்தது. வேர் தோண்டியவர்களின் பிழைப்பு போயிற்று.

பெரியபட்டினத்திலிருந்து ஒரு மாணவர்: எங்கள் ஊர் முதியவர்களிடம் உடை வரலாற்றைத் திரட்ட விரும்புகிறேன். என்ன கேட்க வேண்டும்?

'அந்தக் காலத்தில் என்ன உடுத்தினீர்கள்' என்று பொதுவாகக் கேட்டால் 'வேட்டி, சேலை' என்ற ஒரே பதில்தான் வரும். வீட்டில் முதல் இரவிக்கை யாருக்குத் தைக்கப்பட்டது, தைத்தவர் எந்த ஊர், அதைப் பார்த்து யார் என்ன சொன்னார் என்று கேளுங்கள். செருப்பை எந்தத் தெருமுனையில் கழற்றிக் கையில் எடுத்தார்கள் என்று கேட்டு, அவ்விடத்துக்கே அவர்களோடு போய்ப் பாருங்கள். இறந்தவர் வீட்டுக் கோடித் துணியை யார் கொண்டுவந்தார், வேலைக்கு நின்றவர்களுக்குப் பொங்கலுக்கும் நோன்புக்கும் எத்தனை முழம் கொடுக்கப்பட்டது, அது புதியதா, உடுத்திக் கழித்ததா என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். பழைய நிழற்படம் கிடைத்தால், அந்தச் சட்டை சொந்தமா, படக் கடையில் இரவல் வாங்கியதா என்று கட்டாயம் கேளுங்கள். பெண்களிடம் பெண்களை அனுப்பிக் கேளுங்கள். பல செய்திகள் உங்களிடம் வரமாட்டா.