செவ்வாயில் கடல் இருந்தது என்பதற்கு நிலவியல் ஆதாரம் என்ன?

பழங்கடல் கரை என்பது, நீர் நெடுங்காலம் ஒரே மட்டத்தில் நின்று அலையடித்து விட்டுச்சென்ற தடம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வற்றினாலும் உள்சுவரில் உப்புக்கோடு நிற்கிறதல்லவா, அதுபோல. செவ்வாயின் வடபாதி தாழ்வான சமவெளி. அதன் விளிம்பில் இப்படிப்பட்ட கோடுகள் வைக்கிங் விண்கலப் படங்களிலேயே தெரிந்தன.

சிக்கல் எங்கே என்றால், அந்தக் கோடு மட்டமாக இல்லை. ஏற்ற இறக்கம் கிலோமீட்டர் கணக்கில் வருகிறது. நின்ற நீரின் கரை அப்படி இருக்காது. தார்சிஸ் என்னும் பிரம்மாண்ட எரிமலை மேடு எழுந்தபோது கோளின் மேலோடே நெளிந்து கோடும் வளைந்தது என்பது ஒரு விளக்கம். நல்ல விளக்கம்தான், ஆனால் படத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது.

மண்ணுக்கடியில் பார்க்க வேண்டும். 2021 மே மாதம் அதே வடபாதியிலுள்ள உட்டோபியா சமவெளியில் இறங்கிய சீனாவின் ஜூரோங் ஊர்தி, ரேடார் அலையைத் தரைக்குள் அனுப்பி எதிரொலியைப் பதிந்தது. 2025இல் வெளியான ஆய்வின்படி, 10 முதல் 35 மீட்டர் ஆழத்தில் அடுக்கடுக்கான படிவுகள். எல்லாமே கடல் இருந்திருக்க வேண்டிய வடதிசை நோக்கி, ஏறக்குறைய 15 பாகை சரிந்திருக்கின்றன. ஆற்றுப் படிவென்றால் குடைந்த வாய்க்கால் வடிவம் தெரியும். காற்று குவித்த மணல்மேட்டில் சரிவு இவ்வளவு சீராக இராது. எரிமலைக் குழம்பில் ரேடார் அலை இன்னும் மெதுவாகப் போகும். அலைகள் மணலை ஒதுக்கி ஒதுக்கிக் கரை முன்னேறியிருந்தால் இந்தச் சரிவு இயல்பாகப் பொருந்துகிறது.

செவ்வாயில் விண்கல் மோதி உண்டான கேல், ஜெசெரோ பள்ளங்களில் கிடைத்த படிவுகளையும் பலர் கடலுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். ஆனால் அவை ஏரிப் படிவுகள், கடலுக்குச் சான்றாகா.