நின்றுபோன ஊர் உதைபந்தாட்டக் கழகத்தை மறுபடி எழுப்ப முடியுமா? எங்கே தொடங்குவது?

கேட்டவரின் ஊர்க் கழகம் பல வருடமாகப் பெயரளவில்தான் இருக்கிறதாம். வெளிநாட்டில் இருக்கும் ஊரவர்களிடம் காசு சேர்த்து ஜேர்சி, கோல் கம்பம் வாங்கித் தொடங்கலாமா என்று கேட்கிறார். இப்போதைக்குச் சேர்க்காதீர்கள். ஏன் என்று சொல்வதற்கு எங்கள் ஊர்க் கதையைச் சொல்ல வேண்டும், கொஞ்சம் நீளும்.

எங்கள் ஊர் படுவான்கரையில், கொக்கட்டிச்சோலைக்குப் பக்கம். மட்டக்களப்பு தெரியாதவர்களுக்கு: வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கம் இருப்பது எழுவான்கரை. மேற்கே வயலும் மாட்டுப்பட்டியுமாகக் கிடப்பது படுவான்கரை. பொழுது எழுகிற கரை, பொழுது படுகிற கரை, அவ்வளவுதான் பெயருக்குக் காரணம். நகரமும் பெரிய பாடசாலைகளும் எழுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை அங்கே போக எங்களுக்கு இருந்தது 'பாதை'. பாதை என்றால் ரோடு இல்லை. ஆளையும் சைக்கிளையும் வாகனத்தையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.

கழகத்தைத் தொடங்கியது யார் என்பதில் ஊருக்குள் இன்னும் வழக்கு இருக்கிறது. எனக்கு மாமா சொன்னதுதான் தெரியும். அவர் எங்கள் பழைய கோல் காப்பாளர். எழுபதுகளில், 1978 சூறாவளிக்கு முன்னால், நகரத்தில் படித்துவிட்டு வந்த இரண்டு பேர் ஒரு தோல் பந்தோடு வந்து இறங்கினார்களாம். எங்கள் பக்கம் கண்ணகி அம்மனுக்காகக் கொம்புமுறி என்ற சடங்கு விளையாட்டு நடக்கும்போது ஊரே வடசேரி, தென்சேரி என்று இரண்டாகப் பிரிந்து நிற்கும். "அணி பிரிக்க நாங்க தலையப் பிய்க்கல்ல மனே, சேரிதான் ஏற்கெனவே இருந்திச்சே" என்பார் மாமா.

அந்தப் பந்து இப்போதைய பந்து மாதிரி இல்லை. வெளியே தோல், உள்ளே தனி பிளாடர், வாயை வாரால் இழுத்துக் கட்ட வேண்டும். தலையால் அடிக்கும்போது வார் இருக்கிற பக்கம் பட்டால் நெற்றி கிழியும். மாமாவின் இடது புருவத்துக்கு மேலே அந்தத் தழும்பு இருக்கிறது. மழையில் நனைந்தால் பந்து கல் மாதிரிக் கனக்கும், காய்ந்தால் தோல் வெடிக்கும். அதனால் தேங்காய் எண்ணெய் பூசி வீட்டுக்குள் வைப்பார்கள். பிளாடர் ஓட்டையானால் சைக்கிள் கடையில் சொலுசன் போட்டு ஒட்டுவது. இதெல்லாம் கழகத்தின் சி.ஆர். கொப்பியில், அதாவது கணக்கும் கூட்ட அறிக்கையும் எழுதிய தடித்த கொப்பியில், இருக்கிறது. ஒரு பக்கத்தில் "பிளாடர் ஒட்டு – 50 சதம், தேசிக்காய் – 25 சதம், பாதையால் போனவர்கள் – 14" என்று மணியான கையெழுத்து. விளையாடுவது பதினொரு பேர் என்றால் மற்ற மூன்று பேர் யார் என்று மாமாவிடம் கேட்டேன். ஒருவர் பந்து தூக்க, ஒருவர் சண்டை பிடிக்க, ஒருவர் விலக்க என்றார்.

பாதையால் எங்கள் விளையாட்டுக்கே ஒரு விதி வந்தது. எழுவான்கரையில் மட்ச் சமநிலையில் முடிந்தால் மேலதிக நேரம் கிடையாது, நேரே பெனால்டிதான். மேலதிக நேரம் விளையாடினால் கடைசிப் பாதை போய்விடும், பிறகு அந்தக் கரையில் யாராவது சொந்தக்காரர் வீட்டுத் திண்ணையில்தான் இரவு. பெனால்டி பிடிப்பதில் மாமாவுக்குப் பெயர் வந்தது இப்படித்தான். நகரத்தில் வெபர் மைதானத்தில் விளையாடியதை மட்டும் அவர் தனியாகச் சொல்வார். நியூ ஓர்லியன்சிலிருந்து வந்து புனித மிக்கேல் கல்லூரியில் பிள்ளைகளை விளையாட்டில் வளர்த்த வெபர் அடிகளாரின் பெயரில் இருக்கிற மைதானம் அது. அங்கே நாங்கள் தோற்ற கணக்கும் கொப்பியில் இருக்கிறது. எத்தனை என்று எழுத மாட்டேன்.

1978 நவம்பர் 23 சூறாவளியில் கம்பமும் கழகக் கொட்டிலும் போயின. அடுத்த அறுவடை முடிய மறுகா நட்டார்கள். 1990 ஜூனில் சண்டை மறுபடி தொடங்கியபின் நடந்ததை இங்கே விரித்து எழுத விருப்பமில்லை. ஒரு பதினொருவர் படத்தில் இருக்கிறவர்களை எண்ணினால் பாதிப் பேர் இல்லை, அது போதும். 2002 யுத்த நிறுத்தத்தில் எழுவான்கரை அணிகள் பாதை ஏறி எங்களிடம் வந்தன. நான் விளையாடியது அந்த நாலு வருடம்தான். 2007 மார்ச்சில் ஷெல்லுக்கு ஓடி வாவியைக் கடந்தபோது மாமி, காணி உறுதி, பிறப்புச் சாட்சிப் பத்திரம் எல்லாம் இருந்த தகரப் பெட்டியில் அந்தக் கொப்பியையும் போட்டிருந்தார். ஏன் என்று கேட்டால், "பெட்டிக்குள்ள கிடந்திச்சு, கிடந்தபடி தூக்கினேன்" என்கிறார்.

திரும்பி வந்தபின் கழகம் எழும்பவில்லை. ஆச்சரியம் அதுதான். சண்டைக்குள்ளும் ஏதோ ஒரு மூலையில் உயிரோடு இருந்தது, சமாதானத்தில் செத்தது. பொடியன்கள் கட்டாருக்கும் கொழும்புக்கும் போனார்கள். மிச்சம் இருந்தவர்களுக்கு மென்பந்து கிரிக்கெட். பாலம் வந்ததும் நகரத்து டியூசன் பக்கத்தில் வந்தது, பின்னேரங்கள் அங்கே போயின. (பாலத்தைக் குறை சொல்லவில்லை. கர்ப்பிணியைப் பாதைக்காகக் காக்க வைத்த ஊர் நாங்கள்.)

இடையில் ஒருமுறை எழுப்பிப் பார்த்தோம், இப்போது நீங்கள் நினைக்கிற அதே வழியில். ஒரு அமைப்பு இரும்புக் கோல் கம்பம் தந்தது, வெளிநாட்டிலிருந்து இரண்டு செட் ஜேர்சி வந்தது. பதாகை கட்டி, மாலை போட்டு, படம் எடுத்தோம். ஆறு மாதத்தில் ஒரு கம்பத்தில் ஆடு கட்டியிருந்தது. மற்றதைப் பழைய இரும்புக்காரன் கொண்டுபோயிருந்தான். யார் விற்றது என்று எனக்குத் தெரியும், விடுங்கள். ஜேர்சியில் யாருடைய அப்பாவின் படம் போடுவது என்று காசு அனுப்பியவர்களுக்குள் வந்த சண்டை இன்னும் தீரவில்லை.

உண்மையில் கழகம் எழும்பியது 2022இல், நாட்டில் எதுவுமே இல்லாத வருடத்தில். பெற்றோல் இல்லை, ஒரு கட்டத்தில் நாளுக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லை. டியூசனுக்குப் போக வழியில்லை, போனில் சார்ஜ் இல்லை. பின்னேரம் பிள்ளைகள் ஒழுங்கையில் சும்மா நின்றார்கள். மாமா ஒட்டுப் போட்ட ஒரு பந்தோடு வந்து, "அஞ்சு மணிக்கு வாறவன் வா, வராதவன் வராத" என்றார். முதல் நாள் நாலு பேர். அதில் ஒருவன் செருப்பைக் கழற்ற மாட்டேன் என்று அழுதான்.

ஒரு விடயத்தில் மாமா கெட்டியாக நின்றார்: ஐந்து மணி என்றால் ஐந்து மணி. இரண்டு பேர் வந்தாலும் பந்து உருளும். செத்த வீடு, கோயில் சடங்கு, மாரி வெள்ளம், இந்த மூன்றுக்கு மட்டும் விடுமுறை. ஆறு வாரத்தில் இருபது பேருக்கு மேல் வந்தார்கள். கம்பம் காட்டுத் தடியில் போட்டோம், 24 அடிக்கு 8 அடி, அளவு மட்டும் சரியாக. வலை வாவி மீன்காரர் கழித்துப் போட்டது. அதில் இறால் வாசம் போக இரண்டு மாதம் எடுத்தது.

காசைவிடப் பெரிய தலையிடி மைதானம். இத்தனை வருடத்தில் ஒரு பக்க வேலி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே வந்திருந்தது. அங்கேதான் சி.ஆர். கொப்பி உதவியது. எல்லை எந்த மரத்திலிருந்து எந்த மரம்வரை, எத்தனை அடி என்று பழைய கூட்ட அறிக்கையில் எழுதிக் கையெழுத்து வைத்திருந்தார்கள். ஒரு மரம் இன்னும் நிற்கிறது. கிராம சேவகரிடம் அதைக் காட்டினோம். பிரதேச செயலகத்தில் விளையாட்டு உத்தியோகத்தரிடம் பதிவைப் புதுப்பிக்கவும் அந்த அறிக்கைகள்தான் கைகொடுத்தன. ஆனாலும் வேலி திரும்பப் பின்னால் போனதற்கு உண்மைக் காரணம் வேறு. வேலிக்காரரின் பேரன் எங்கள் லெப்ட் விங். கோர்னர் அடிக்க இடமில்லாமல் அவன் முள்ளுக்கம்பியில் காற்சட்டையைக் கிழித்துக்கொண்டு போன அடுத்த கிழமை, அவரே கட்டையைப் பிடுங்கினார்.

2023இல் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது, ஜனவரியில் தொடங்கி ஆகஸ்ட் வரைக்கும். அந்தச் செய்தி வந்த பின்னேரம் பத்து வயதுப் பொடியன் ஒருவன் வந்து, "அப்ப நாங்களும் விளையாடக் கூடாதா சேர்?" என்று கேட்டான். மாமா கொஞ்சம் யோசித்துவிட்டு, கடிதம் எங்களுக்கு இன்னும் வந்து சேரவில்லை என்றார்.

இப்போது அறுவடை முடிந்ததும் பக்கத்து ஊர்களோடு விலகல் முறைச் சுற்றுப்போட்டியில் விளையாடுகிறோம். வைகாசியில் மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று எழும்பினால் எந்தப் பக்கம் முதலில் அடிப்பது என்பதே பாதி மட்ச். காற்றோடு அடித்த கோல் கிக் நேரே வாவிக்குள் கண்ணாப் பற்றையில் போய் விழும், நீந்தத் தெரிந்தவன் போய் எடுத்து வருவான். பெண் பிள்ளைகள் ஏழு பேர் தனியாகப் பழகுகிறார்கள். அவர்களுக்கு மட்டும் பூட்ஸ் தேடுகிறேன். காசு கேட்பதென்றால் இப்போதுதான் கேட்கலாம், நான் கேட்கவும் தொடங்கிவிட்டேன்.

உங்கள் ஊருக்கு: பழைய செயலாளர் வீட்டில் கொப்பி ஏதாவது கிடக்கிறதா என்று முதலில் தேடுங்கள். பிறகு ஒரு பந்து, ஒரு பம். பம் ஊசி மட்டும் இரண்டாக வாங்குங்கள், ஒன்று கட்டாயம் மணலுக்குள் போகும்.