வீட்டில் மண்புழுத் தொட்டி: உங்கள் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: காய்கறித் தோலைக் குப்பையில் போட்டாலும் மக்கத்தானே போகிறது? இதற்கென்று தனியாக ஒரு தொட்டி எதற்கு?

பதில்: மக்கும். ஆனால் எப்படி மக்குகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. குப்பைமேட்டின் அடியில் அமுங்கிய கழிவுக்குக் காற்று கிடைக்காது. அப்படி அழுகும்போது மீத்தேன் உண்டாகிறது. கரியமில வாயுவைவிடப் பல மடங்கு வெப்பத்தைப் பிடித்து வைக்கும் வாயு அது. தொட்டியில் புழுக்கள் ஓயாமல் துளைத்துக்கொண்டே இருப்பதால் உள்ளே காற்று போகிறது, அதே தோல் உரமாகிறது. எங்கள் வீட்டில் ஈரக்குப்பை என்று வெளியே போவது அநேகமாக எதுவுமே இல்லை.

கேள்வி: நாற்றம் அடிக்குமே? அடுப்படிக்குப் பக்கத்தில் வைக்கப் பயமாக இருக்கிறது.

பதில்: நன்றாக இருக்கும் தொட்டியில் நனைந்த மண்ணின் வாசனைதான் வரும். நாற்றம் வந்தால் இரையை அதிகம் போட்டுவிட்டீர்கள், அல்லது ஈரம் கூடிவிட்டது. ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் ஒன்றிரண்டு சொட்டு வர வேண்டும், அவ்வளவுதான். புழு தோலால் மூச்சு விடுகிறது. காய்ந்தாலும் சாகும், தண்ணீர் தேங்கினாலும் மூச்சு முட்டிச் சாகும். முதல் வருடம் ஒரே நாளில் ஒரு வாளிப் பழத்தோலைக் கொட்டி, பாதிப் புழுக்களை இழந்தேன். இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது. நாற்றம் தெரிந்தவுடன் கிழித்த செய்தித்தாளோ அட்டையோ கலந்து லேசாகக் கிளறிவிடுங்கள். சில நாள் எதுவும் போட வேண்டாம்.

கேள்வி: தோட்டத்தில் தோண்டினால் கிடைக்கும் புழுக்களையே விடலாமா?

பதில்: வேண்டாம். அவற்றில் பல ஆழத்தில் வளை தோண்டி வாழ்பவை, தொட்டியில் தாங்காது. மேல்மட்டச் சருகில் வாழும் ஐசீனியா ஃபெட்டிடா போன்ற சிவப்புப் புழுக்கள் வேண்டும்.

கேள்வி: கடையில் வாங்கும் உரத்தில் இல்லாதது இதில் என்ன இருக்கிறது?

பதில்: எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. புழுவுக்குப் பல் கிடையாது. நுண்ணுயிர்கள் இளக்கி வைத்ததை விழுங்கி, அரைவைப் பையில் மண்துகளோடு சேர்த்து அரைக்கிறது. வெளியே வரும் கரிய குருணையில் செடி எடுத்துக்கொள்ளும் வடிவில் சத்தும் இருக்கும், ஏராளமான நுண்ணுயிர்களும் இருக்கும். தழைச்சத்தின் அளவை மட்டும் பார்த்தால் ரசாயன உரம்தான் கூடுதல். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த உரம் மண்ணைப் பொலபொலப்பாக்காது, ஈரத்தைப் பிடித்து வைக்காது. இது இரண்டையும் செய்யும். 5 பங்கு மண்ணுக்கு 1 பங்கு கலந்தால் போதும். வெறும் உரத்தில் செடி நட வேண்டாம்.

கேள்வி: எதையெல்லாம் போடக் கூடாது?

பதில்: இறைச்சி, மீன், பால் பொருட்கள், எண்ணெயும் உப்பும் சேர்ந்த சமைத்த உணவு. எலுமிச்சை, வெங்காயம், பூண்டு கொஞ்சமாக. முட்டை ஓட்டை நொறுக்கிப் போடுங்கள், புளிப்பைத் தணிக்கும்.

கேள்வி: பெருகிப் பெருகி வீடு முழுக்க ஊர்ந்து வருமா? இரண்டு வாரம் வெளியூர் போனால் என்ன செய்வது?

பதில்: வராது. வெளிச்சம் அவற்றுக்கு ஆகாது. இடமும் இரையும் குறைந்தால் பெருக்கமும் தானாகக் குறையும். இரண்டு வாரம் இரை போடாவிட்டாலும் பாதகமில்லை, வெயில்தான் ஆபத்து. 15 முதல் 25 டிகிரி வரை சுகமாக இருக்கும், 35-ஐத் தாண்டினால் பிழைப்பது கடினம். கிளம்பும் முன் ஈர அட்டையால் மேலே மூடி, தொட்டியை நிழலுக்கு நகர்த்திவிட்டுப் போங்கள்.