முதலில் அந்தக் கயிற்றை அவிழ்த்துவிடுங்கள்

அன்புள்ள ஐயா,

பழைய டிராக்டர் பைத்தியம் பிடித்த ஒன்பது பேர் சேர்ந்து ஒரு மன்றம் தொடங்கப் போகிறோம். பெரும்பாலும் மாஸி ஃபெர்குசன், இரண்டு எச்எம்டி. பதிவு செய்ய வேண்டுமா? சந்தா எவ்வளவு வைக்கலாம்? சின்னம், டி-சர்ட் போடலாமா? அப்பா எண்பதுகளில் வாங்கிய மாஸி 1035 ஆறு வருஷமாகப் புளியமரத்தடியில் நிற்கிறது. பொங்கலன்று அதை இன்னொரு டிராக்டரில் கட்டி இழுத்து, ஊரார் முன்னால் ஸ்டார்ட் செய்து, ஊர்வலம் போய் மன்றத்தைத் தொடங்குவதாக இருக்கிறோம்.

ச., ஒரத்தநாடு

அன்புள்ள ச.,

எடைக்குப் போடாமல் அப்பாவின் வண்டியை வைத்திருக்கிறீர்களே, அதற்காகவே பதில் எழுதுகிறேன். பதிவுக்கு ஏழு பேர் போதும். 1975ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி மாவட்டப் பதிவாளரிடம் கொடுக்கலாம். இப்போதைக்கு அவசரமில்லை, ஓராண்டு சேர்ந்து வேலை செய்துவிட்டுப் பாருங்கள். டி-சர்ட்டில் எதையாவது அச்சடித்துக்கொள்ளுங்கள்.

ஆனால் இழுத்து ஸ்டார்ட் செய்யும் யோசனை யாருடையது? நாலு பேர் கைதட்டுவதற்காக அப்பாவின் என்ஜினைப் பலிகொடுக்கப் போகிறீர்களா?

1035இன் சைலன்சர் வானத்தைப் பார்த்து நிற்கிறது. மூடி இல்லாமல் நின்றால் ஒவ்வொரு மழையிலும் தண்ணீர் உள்ளே இறங்கும். மூன்று சிலிண்டரில் எதன் எக்ஸாஸ்ட் வால்வு (புகை வெளியேறும் கதவு) திறந்தபடி நின்றதோ, அதில் போய்த் தேங்கும். பிஸ்டனின் ரிங்கும் சிலிண்டரின் உள்சுவரான லைனரும் துருவில் ஒட்டிக்கொள்ளும், வால்வு தான் ஏறி இறங்கும் கைடில் இறுகிவிடும். இந்த நிலையில் கியரில் போட்டு இழுத்தால் சக்கரம் சுற்றும் வேகத்தைப் பலமடங்காக்கி என்ஜினைத் திருப்புவீர்கள். ரிங் உடையும், இறுகிய வால்வு தன்னைத் தள்ளும் புஷ் ராடை வளைக்கும். தண்ணீர் நின்றிருந்தால் இன்னும் மோசம்: காற்றுப்போல அது அமுங்காது, பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். இதையெல்லாம் தாண்டி ஸ்டார்ட் ஆனாலும் ஆபத்துதான். பழைய டீசல் பிசினாகி டீசல் பம்பின் உள்பாகங்கள் ஒட்டியிருந்தால் ஸ்டாப் கேபிளை இழுத்தாலும் என்ஜின் நிற்காது, கத்திக்கொண்டே வேகம் ஏறும். அப்போது என்ஜினுக்குள் காற்று போகும் வாயைப் பலகையால் அடைக்க வேண்டும். உங்கள் ஊர்வலத்தில் பலகையோடு நிற்கப்போவது யார்?

விழாவுக்கு ஒரு மாதம் முன்பே தொடங்குங்கள். பேட்டரியைக் கழற்றிவிட்டு என்ஜினின் அடியில் எண்ணெய் நிற்கும் சம்ப்பின் போல்ட்டை மெதுவாகத் தளர்த்துங்கள். எண்ணெய்க்கு முன்னால் தண்ணீர் சொட்டினால் நான் சொன்னது உள்ளே நடந்திருக்கிறது. சிலிண்டருக்குள் டீசலைப் பீய்ச்சும் மூன்று நாசில்களையும் எடுத்து, டீசலும் ஆட்டோமேட்டிக் டிரான்ஸ்மிஷன் ஆயிலும் (ATF) சரிபாதி கலந்து ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 50 மில்லி ஊற்றுங்கள். துளையைத் துணியால் மூடி ஒரு வாரம் விடுங்கள். குறைந்தால் மறுபடி ஊற்றுங்கள். பிறகு நியூட்ரலில் வைத்து, என்ஜினின் முன்னால் இருக்கும் கிராங்க் புல்லியின் நடு போல்ட்டில் ஸ்பேனர் போட்டு இந்தப் பக்கம் கொஞ்சம், அந்தப் பக்கம் கொஞ்சம் அசையுங்கள். அசைந்தால் நாளுக்கு நாள் கூட்டுங்கள். அசையவில்லையென்றால் சிலிண்டர்களின் மூடியான ஹெட்டைக் கழற்றுங்கள். ஸ்பேனரில் குழாயைச் சொருகி நீளம் கூட்டாதீர்கள்!

சுழன்ற பிறகும் பொறுமை. டேங்கைக் காலி செய்து கழுவி, புது டீசல், புது ஃபில்டர். நாசில்களைப் பம்ப் கடையில் சோதிக்கக் கொடுங்கள். நாசில் பீய்ச்சும் திசையில் விரலை நீட்டாதீர்கள், டீசல் தோலுக்குள் ஏறிவிடும், ஆஸ்பத்திரிதான். டீசல் குழாய்களில் சிக்கிய ஏர் எடுக்கும்போது முதலில் தளர்த்த வேண்டியது ஃபில்டர் திருகு, அடுத்து பம்பின் திருகுகள், கடைசியில் நாசில் குழாய் நட்டுகள். நுரை நின்று டீசல் மட்டும் வரும்வரை. ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்தபடி ஸ்டார்ட்டரை விட்டுவிட்டுச் சுழற்றி, ஆயில் பிரஷர் முள் ஏறிய பிறகு கேபிளை விடுங்கள். அந்தச் சத்தத்தைக் கேட்க ஊரைக் கூட்டுங்கள், நானும் வருகிறேன்.

சந்தாவைக் கேட்டீர்கள். தொகையை விட, அதில் முதலில் என்ன வாங்குகிறீர்கள் என்பதைப் பாருங்கள். மாஸியில் போல்ட்டுகள் இன்ச் கணக்கு. எச்எம்டி செக்கோஸ்லோவாக்கியாவின் ஜீட்டர் டிராக்டர் வழி வந்தது, மில்லிமீட்டர் கணக்கு. 13 மில்லி ஸ்பேனரை அரை இன்ச் தலையுள்ள போல்ட்டில் போட்டால் தலை மழுங்கிவிடும். ஆகவே இரண்டு ஸ்பேனர் செட்டும், போல்ட்டை அளவாக முறுக்கும் டார்க் ரெஞ்சும், சிலிண்டரின் அழுத்தத்தை அளக்கும் டீசலுக்கான கம்ப்ரஷன் கேஜும் மன்றத்தின் பொதுச் சொத்து. யார் எடுத்துப் போனார்கள் என்று நோட்டில் எழுதுங்கள். பெயிண்ட் அடிப்பது எல்லாம் முடிந்த பிறகு. எண்ணெய் கசியும் இடத்தைப் பெயிண்ட் மறைத்துவிடும்.

ஊர்வலம் போவதானால் ஆர்சி புத்தகத்தைப் பாருங்கள். 15 ஆண்டுக்குப் பிறகு 5 ஆண்டுக்கொருமுறை புதுப்பிக்க வேண்டும், இன்சூரன்ஸும் வேண்டும். இரண்டு பிரேக் பெடலையும் கொக்கியால் ஒன்றாகப் பூட்டுங்கள். நின்றுபோன வண்டியை இழுக்க நேர்ந்தால் சங்கிலியை இழுக்கும் வண்டியின் பின்னால் கீழே இருக்கும் டிராபாரில் மாட்டுங்கள். பின் அச்சுக்கு மேலே எதில் மாட்டினாலும் இழுக்கும் வண்டியின் முன்பக்கம் தூக்கிக்கொண்டு ஓட்டுபவர் மேல் மல்லாந்து விழலாம். மட்கார்டில் யாரும் உட்காரக் கூடாது. மன்றத் தலைவரும்தான்.