கைவிட்ட ட்ரொலியை என்ன செய்யலாம்? கேள்வி பதில்

ஹட்டனில் வெல்டிங் வேலை செய்கிறேன், வீட்டுப் பின்பக்கம் மரக்கறியும் போடுகிறேன். சுப்பர்மார்க்கெட் ட்ரொலி பற்றிப் பல ஊர்களிலிருந்து வந்த கேள்விகளுக்கு இங்கே சேர்த்துப் பதில் சொல்கிறேன்.

தலவாக்கலை: பாலத்துக்குக் கீழே ஒரு ட்ரொலி மாதக்கணக்கில் கிடக்கிறது. எடுத்துக்கொள்ளலாமா அண்ணா?

முதலில் கைப்பிடியைப் பாருங்கள் தம்பி. கடையின் பெயர் இருந்தால் ஆற்றோரம் கிடந்தாலும் அது கடைச் சாமான்தான். ஒரு கோல் எடுத்துக் கேளுங்கள். வளைந்துபோனதைத் திருப்பி எடுக்க அவர்களுக்கும் பெரிய ஆசை இருக்காது. "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்றால் அதை மெசேஜாக அனுப்பச் சொல்லி வாங்கி வையுங்கள். கேட்காமல் எடுத்துப் பெயரைச் சுரண்டி வைத்தால் அது களவு.

நுவரெலியா: எங்களுக்கு நிலமே இல்லை, சீமெந்து முற்றம் மட்டும். ட்ரொலியில் செடி வைக்க முடியுமா?

தாராளமாக. எனக்குக் கேட்டால் ட்ரொலிக்கு இதைவிட நல்ல வேலை கிடையாது. 1937இல் ஒக்லஹோமாவில் சில்வன் கோல்ட்மன் என்ற கடைக்காரர், மடக்கு நாற்காலியைப் பார்த்து இந்த வண்டியை யோசித்தாராம். அவர் மரக்கறி வாங்கத்தான் செய்தார், நாம் அதிலேயே மரக்கறி வளர்க்கப் போகிறோம்.

பின்பக்கத் தட்டு உள்ளே மடங்கும், அதை முதலில் கம்பியால் இறுகக் கட்டுங்கள். பழைய உரச்சாக்கைக் கழுவி, இரண்டு மடிப்பாகக் கூடைக்குள் விரித்து, விளிம்பைக் கம்பியோடு சேர்த்துத் தைத்துவிடுங்கள். தண்ணீர் வடிய அடியில் ஓட்டைகள் வேண்டும். வெறும் மண்ணைப் போட்டு நிரப்பாதீர்கள். 100 லீட்டர் ஈர மண் 150 கிலோவைத் தாண்டிவிடும், பிறகு யார் தள்ளுவது? மண், கூட்டெரு, தும்புத்தூள் மூன்றும் சம பங்கு, ஒரு சாண் உயரத்துக்குப் போட்டால் போதும். தேயிலை மலை மண் புளிப்பு, அதனால் லெட்டியூஸ், வெங்காயத்தாள் போடுவதென்றால் புளிப்பைக் குறைக்கிற டொலமைட் சுண்ணாம்புத் தூள் கொஞ்சம் கலக்கலாம். ஸ்ட்ரோபெரி லேசான புளிப்பை விரும்பும், அதற்குக் கை நிறையக் கொட்டாதீர்கள். கம்பி இடைவெளிகளில் சாக்கைச் சின்னதாகக் கீறி ஸ்ட்ரோபெரி நாற்றைப் பக்கவாட்டில் செருகுங்கள். பழம் வெளியே தொங்கும், மண்ணில் பட்டு அழுகாது.

இதில் இன்னொரு லாபமும் உண்டு. தை, மாசியில் வானம் வெளுத்துக் கிடக்கிற இரவுகளில் உங்கள் பக்கம் உறைபனி விழுந்து இலையெல்லாம் கருகிவிடும் இல்லையா? திறந்த வானத்தைப் பார்த்து நிற்கிற செடிதான் அதிகம் சூட்டை இழக்கும். பொழுது சாய்ந்ததும் தோட்டத்தையே தள்ளிக்கொண்டு போய்த் தாழ்வாரத்தில் நிறுத்திவிடலாம்.

பதுளை: அதையே அடுப்பாக்கி இறைச்சி சுட நினைக்கிறோம்.

வேண்டாம். பல ட்ரொலிகளின் கம்பியில் நாகப் பூச்சு (சிங்க்) இருக்கும், அதன் மேல் மினுக்கமோ பிளாஸ்டிக் பூச்சோ ஏறியிருக்கும். நாகம் சுமார் 420 பாகையில் உருகும், நல்ல விறகு நெருப்புக்கு அது பெரிய சூடு இல்லை. அந்தப் பூச்சுக்கு மேல் சாப்பாட்டை வைக்கக்கூடாது. வெட்டி ஒட்டுகிறவர்களுக்கும் இதுதான். பூச்சை அரைத்து எடுக்காமல் வெல்டிங் வைத்தால் வெள்ளைப் புகை வரும். அதைச் சுவாசித்தவருக்குச் சில மணி நேரத்தில் குளிரும் காய்ச்சலும் பிடிக்கும். வெளியில் வைத்து, முகமூடி போட்டுச் செய்யுங்கள்.

மஸ்கெலியா: பீலியிலிருந்து (தண்ணீர் பிடிக்கிற இடம்) லயத்துக்கு (தோட்ட வீட்டு வரிசை) தண்ணீர் கேன் தள்ள உதவுமா?

தார் ரோடு என்றால் சரி. கல்லுப்பாதைக்கு அந்தக் குட்டிச் சில்லுகள் சரிவராது, முதல் குழியிலேயே முன்சில்லு குறுக்கே திரும்பி நின்றுவிடும். கீழ்ச்சட்டத்தில் ஓர் அச்சைப் போட்டு இரண்டு பழைய சைக்கிள் சில்லு மாட்டினால் வேலை நடக்கும். இறக்கத்தில் வண்டிக்கு முன்னால் நிற்காதீர்கள், மேல் பக்கமாக நின்று பிடித்துக்கொண்டே இறக்குங்கள்.

பண்டாரவளை: பிள்ளைகளுக்கு விளையாட்டு வண்டி?

நம் சரிவுகளில், பிரேக் இல்லாத வண்டியிலா? கூடவே கூடாது.

அப்புத்தளை: கோழிக்குஞ்சுக்குக் கூடு?

சில்லைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். பகலில் காகம், பருந்து கிட்ட வராது. கீரிக்கு இது போதாது. கம்பி இடைவெளியை அரை அங்குல வலையால் மூடுங்கள், நான் மேலே சொன்ன பின்தட்டையும் கட்டுங்கள். கட்டாமல் விட்டால் கீரி வெளியிலிருந்து தலையால் தள்ளிக்கொண்டே உள்ளே போய்விடும். இரவில் குஞ்சுகளை வீட்டுக்குள் எடுத்துவிடுங்கள் அக்கா.

பொகவந்தலாவை: கவ்வாத்து விறகு (தேயிலைச் செடியில் வெட்டிய கிளை) காயவே மாட்டேன் என்கிறது.

விறகை ட்ரொலியில் அடுக்கிக் கூரைக்குக் கீழே விடுங்கள். தரையில் படாது, நாலு பக்கமும் காற்றுப் போகும். மேலே ஒரு தகரத் துண்டு, பக்கங்கள் திறந்தே இருக்கட்டும். படங்கைச் சுற்றி மூடினால் உள்ளே பூஞ்சணம்தான் பிடிக்கும்.

கொட்டகலை: ஒன்றுக்கும் உதவாவிட்டால் பழைய இரும்புக்குப் போடலாமா?

போடலாம், கடைக்காரர் வேண்டாம் என்று சொன்ன மெசேஜையும் கையோடு கொண்டு போங்கள். சில்லு நாலையும் முதலில் கழற்றி வீட்டில் வையுங்கள். கேஸ் சிலிண்டரை நிறுத்தி வைக்கிற பலகைக்கு அடியில் அவற்றைப் பூட்டினால் நகர்த்தச் சுகம்.